என் மெஷின்ல டெஸ்ட் பாஸ், பாளையங்கோட்டை ஆபீஸ் சர்வர்ல மட்டும் ‘கட்டணம்’ மாட்யூல் இல்லன்னு வருது – பதில்

ப்ராஜெக்டோட மேல் ஃபோல்டர்ல நின்னு, டெஸ்ட் ஓட்டுற வெறும் ‘பைடெஸ்ட்’ கமாண்டுக்குப் பதிலா ‘பைத்தான் -எம் பைடெஸ்ட்’னு ஓட்டுங்க அண்ணாச்சி. பெரும்பாலும் அதுலயே சரியாயிரும்.

நெல்லை–தென்காசி பஸ் கட்டணம் போடுற ‘கட்டணம்’ ஃபைல் மேல் ஃபோல்டர்ல இருக்கு, டெஸ்ட் ஃபைல் ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டர்ல இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த ‘டெஸ்ட்ஸ்’ ஃபோல்டர்ல இனிட் ஃபைல் (__init__.py) இல்லன்னா, வெறும் பைடெஸ்ட் அந்த ஃபோல்டரை மட்டுந்தான் பைத்தான் மாட்யூல் தேடுற பாதையில சேர்க்கும். ‘-எம்’ போட்டா நீங்க நிக்கிற ஃபோல்டரும் சேரும். உங்க மெஷின்ல எடிட்டரே அதைச் சேர்த்துக் கொடுத்திருக்கும், அதான் அங்க வம்பில்ல.

அப்பவும் விழுந்தா, டெஸ்ட் ஃபைல்ல ‘சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்’ (எந்த பைத்தான் ஓடுதுன்னு சொல்ற பாதை) பிரிண்ட் பண்ணி, பிரிண்ட் பண்ணது திரையில தெரிய ‘-எஸ்’ சேர்த்து ஓட்டுங்க. விழுற இம்போர்ட் வரிக்கு மேலயே போடணும். கீழ போட்டா அந்த வரிக்கே வராது. வர்ற பாதை உங்க வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள்ள (ப்ராஜெக்டுக்குன்னு தனியா வச்ச பைத்தான்) இல்லன்னா, லைப்ரரி போடுற பிப் ஒரு பைத்தான்ல போட்டிருக்கு, டெஸ்ட் வேற பைத்தான்ல ஓடுதுன்னு அர்த்தம். ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ன்னு டெஸ்ட் ஓட்டுற அதே பைத்தானை வச்சே போடுங்க.

நிரந்தரமா வேணும்னா பைப்ராஜெக்ட் ஃபைல் (pyproject.toml) எழுதி, ‘பிப் இன்ஸ்டால் -இ .’னு உங்க ப்ராஜெக்டையே பைத்தான்ல போடுறதுதான் முறை. பைடெஸ்ட் 7.0-லேர்ந்து தேடுற பாதையில ஃபோல்டர் சேர்க்க ‘பைத்தான்பாத்’ செட்டிங்கும் உண்டு.

ஒண்ணு மட்டும் கவனம்: ‘-எம்’ போட்டா நிக்கிற ஃபோல்டர், பிப் போட்ட லைப்ரரிகளுக்கு முன்னாடியே தேடப்படும். அங்க ‘ரெக்வெஸ்ட்ஸ்.பிஒய்’னு சொந்த ஃபைல் இருந்தா, நிஜ லைப்ரரியை அது மறைச்சிரும்.