கொரியன் புல்தரையில் கோரை: பிடுங்கியும் திரும்ப வருகிறது

மூன்று முறை பிடுங்கியும் கோரை முன்னைவிட அடர்த்தியாக வருகிறது, கிளைபோசேட் (எந்தச் செடியையும் கொல்லும் களைக்கொல்லி) அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள், கொரியன் புல்லும் சேர்ந்து கருகிவிடும்.

முதலில் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரைதான். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கறுத்த கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். கிழங்குகள் சங்கிலிபோல் கோத்திருப்பவை. தாய்ச்செடி அறுந்ததும் உறங்கிக் கிடந்தவையும் முளைக்கும். அடர்த்தி கூடியது இதனால்தான்.

கோரையைக் கொல்லும் ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் 75% குருணை மருந்து வாங்குங்கள். கொரியன் புல்லும் அருகம்புல்லும் இதைத் தாங்கும். ஏக்கருக்கு 36 கிராம் கணக்கில், உங்கள் 1000 சதுர அடிக்கு 0.8 கிராம்தான். நகைத்தராசில் நிறுத்து, 5 லிட்டர் தண்ணீரில், மருந்து இலையில் ஒட்ட உதவும் ஒட்டுத்திரவமும் சேர்த்துத் தெளியுங்கள். கோரைக்கு 3 முதல் 5 இலை இருக்கவேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்டக்கூடாது. மருந்து இலைவழியாகத்தான் கிழங்குக்கு இறங்கும். மஞ்சளாக இரண்டு வாரம் பிடிக்கும், அவசரப்பட்டு மறுபடி அடிக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் புதுமுளை வந்தால் மட்டும் இன்னொரு முறை.

பக்கத்தில் கத்தரி, தக்காளி இருந்தால் காற்றில்லாத காலையில் அடியுங்கள், சாரல் அவற்றின்மேல் படக்கூடாது. தண்ணீர் தேங்கும் மூலையையும் மேடாக்குங்கள், கோரைக்கு ஈரம் கொண்டாட்டம்.