றாம் போட்டும் ஏன் வேகம் வரவில்லை?

கேள்வி: சுன்னாகத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறோம். பில் மென்பொருள் மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தளத்தில் ஓடுகிறது. விற்பனை அட்டவணையில் இப்போது 22 லட்சம் வரிகள். இரவு கடை பூட்டும்போது அன்றைய விற்பனை அறிக்கை எடுக்க அரை நிமிடம் போகிறது. வாடிக்கையாளரின் போன் நம்பரை அடித்துப் பழைய பில் தேடினாலும் அதே அரை நிமிடம். கணினியின் நினைவகமான றாமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கியும் ஒரு வித்தியாசமும் இல்லை. மென்பொருள் செய்து தந்த தம்பி, பழைய பில்களை அழிக்கச் சொல்கிறார். அழிக்கலாமா அண்ணா?

பதில்: அழிக்க வேண்டாம். 22 லட்சம் வரி மைஎஸ்கியூஎலுக்கு ஒரு சுமையே இல்லை. பழைய பில்லை அழிப்பது உங்கள் கணக்காளரைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை, வேகத்துக்காகச் செய்கிற வேலை அல்ல.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘அதே அரை நிமிடம்’. ஒரு நாள் விற்பனை என்றால் சில நூறு வரிகள். ஒரு வாடிக்கையாளரின் பில்கள் பத்தோ இருபதோ. இரண்டுக்கும் ஒரே நேரம் எடுக்கிறதென்றால், இரண்டு தடவையும் தரவுத்தளம் 22 லட்சம் வரியையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்கிறது. கிராம அலுவலரிடம் வாக்காளர் இடாப்பு இருக்குமே, அதைப் போல. வீட்டிலக்கம் சொன்னால் சட்டென்று எடுத்துத் தருவார். வெறும் பெயரைச் சொன்னால் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். பெயர் வரிசையில் இன்னொரு பட்டியல் கையில் இருந்தால் புரட்டத் தேவையில்லை. இன்டெக்ஸ் என்பது அந்த இரண்டாவது பட்டியல்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், தரவுத்தளத்தையே கேளுங்கள். அறிக்கைக்கான தரவைத் தேடி எடுக்கும் செலக்ட் கட்டளைக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் என்ற சொல்லைச் சேர்த்து ஓடவிடுங்கள். வருகிற வரியில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். டைப் என்ற இடத்தில் ‘ஆல்’ (முழுவதும்), கீ என்ற இடத்தில் ‘நல்’ (வெறுமை), ரோஸ் (வரிகள்) என்ற இடத்தில் 22 லட்சத்துக்குக் கிட்டிய எண் இருந்தால் தரவுத்தளம் முழு இடாப்பையும் புரட்டுகிறது. இன்டெக்ஸைப் பிடித்துக்கொண்டால் டைப் ‘ரேஞ்ச்’ அல்லது ‘ரெஃப்’ என்று மாறும், ரோஸ் நூற்றுக்கணக்குக்கு இறங்கும்.

சரி, திகதிக்கு இன்டெக்ஸ் போட்டாயிற்று, இன்னும் அப்படியேதான் கிடக்கிறது என்று அடுத்த கிழமை எழுதுவீர்கள். ஏனென்றால் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, அதாவது அந்த செலக்ட் கட்டளை, எழுதப்பட்ட விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. பில் போட்ட திகதியும் மணியும் உள்ள புலத்துக்கு ‘நேரம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். தம்பி இப்படி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்:

வேர் டேட்(நேரம்) = '2025-03-14'

பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்டெக்ஸில் வரிசையாக இருப்பது ‘நேரம்’, ‘டேட்(நேரம்)’ அல்ல. ஒவ்வொரு வரியையும் எடுத்து, மணி நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது. இப்படி மாற்றச் சொல்லுங்கள்:

வேர் நேரம் >= '2025-03-14' ஆண்ட் நேரம் < '2025-03-15'

விடை அதேதான், இன்டெக்ஸும் வேலை செய்யும். மாத அறிக்கையையும் ஒருமுறை பாருங்கள். பிட்வீன் போட்டு 1ஆம் திகதிக்கும் 31ஆம் திகதிக்கும் இடையில் என்று எழுதியிருந்தால், 31ஆம் திகதி நள்ளிரவு 00:00 மணியோடு கணக்கு முடிந்துவிடும். அன்று பகல் முழுக்க விற்றது அறிக்கையில் வராது. மாதக் கணக்கில் கொஞ்சம் குறைகிறதே என்று எப்போதாவது முழித்திருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

போன் நம்பரில் வேறொரு வில்லங்கம். முன்னால் வரும் பூச்சியம் தொலையாமல் இருக்க அதை எழுத்தாக, அதாவது வார்சார் புலமாக, சேமித்திருப்பார்கள். அது சரிதான். ஆனால் தேடும்போது மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுத்தால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியிலும் உள்ள எழுத்தை எண்ணாக மாற்றி ஒப்பிடும். இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் தீர்ந்தது. நம்பர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். சிலது 077 என்றும் சிலது +9477 என்றும் கிடந்தால் எந்த இன்டெக்ஸாலும் இரண்டையும் ஒன்று சேர்க்க முடியாது.

இனி நீங்கள் காசு கொடுத்து வாங்கிய றாமுக்கு வருவோம். மைஎஸ்கியூஎல் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு இன்னோடிபி பஃபர் பூல் என்று பெயர். யாரும் மாற்றாவிட்டால் அதன் அளவு 128 எம்பி. 16 ஜிபி போட்டாலும் 64 ஜிபி போட்டாலும் அதே 128தான். மிச்ச இடத்தை அது தானாக எடுத்துக்கொள்ளாது. உங்கள் அட்டவணையில் ஒரு வரிக்கு 250 பைட் என்று வைத்தால்கூட மொத்தம் 550 எம்பி வரும். பாதிகூட உள்ளே அடங்காததால் ஒவ்வொரு தடவையும் வன்வட்டில் போய்த் தேடுகிறது. மைஎஸ்கியூஎலின் அமைப்புக் கோப்பான எம்ஒய்.ஐஎன்ஐயில் அந்த அளவை 1 ஜிபி ஆக்குங்கள், அது போதும். உண்மையைச் சொன்னால், புதிய றாம் தேவையே இல்லை. பழைய 8 ஜிபியிலேயே இது நடந்திருக்கும்.

போகிற போக்கில் எல்லாப் புலத்துக்கும் இன்டெக்ஸ் போட்டுவிட வேண்டாம். அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழா நேரம், ஒரு துணிக்கடைத் தரவுத்தளத்தில் ஒரு டசின் இன்டெக்ஸ் போட்டேன். அறிக்கைகள் பறந்தன. பில் அடிக்கும் இடத்தில்தான் சனம் நின்றது, ஏனென்றால் ஒவ்வொரு வரி சேரும்போதும் பன்னிரண்டு பட்டியல்களையும் திருத்த வேண்டும். உங்களுக்கு இரண்டு போதும்: நேரத்துக்கு ஒன்று, போனையும் நேரத்தையும் அதே ஒழுங்கில் சேர்த்து இன்னொன்று. இரண்டாவது இருக்கிறதே என்று முதலாவதை விட்டுவிடாதீர்கள். போனில் தொடங்கும் பட்டியலில் வெறும் திகதியை வைத்துத் தேட முடியாது.

இன்னொன்று. வேகம் கூட்ட இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிரான்ஸாக்ஷன் கமிட் என்ற அமைப்பை 1இலிருந்து 2 ஆகவோ 0 ஆகவோ மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். ஒவ்வொரு பில்லையும் உடனுக்குடன் வன்வட்டில் எழுத வைப்பது அந்த 1தான். கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஊரில் அதைத் தொடாதீர்கள். கடைசி ஒரு விநாடி பில்கள் காணாமல் போகலாம், அந்த ஒரு விநாடிக்குள் வந்தது எந்த வாடிக்கையாளரின் காசு என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியதும் செய்யுங்கள். யுபிஎஸ் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, தரவுத்தளத்தைப் பிரதி எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியில் சிங்கிள் டிரான்ஸாக்ஷன் தெரிவோடு ஒரு பிரதி எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். பிறகு இரண்டு இன்டெக்ஸ், கேள்விகளில் திருத்தம், அப்புறம் மறுபடி எக்ஸ்பிளெய்ன். அப்போதும் டைப்பில் ‘ஆல்’ என்றே வந்தால், அந்த வரியையும் கேள்வியையும் அப்படியே எனக்கு அனுப்பிவிடுங்கள்.