பரணில் கிடக்கும் தீபாவளி

பண்டிகை நாள் தொலைக்காட்சியின் பழைய நிகழ்ச்சி நிரல், பழைய பதிவுகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

'தீபாவளி ஸ்பெஷல்' என்று மட்டும் எழுதிய வி.எச்.எஸ். கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கும்பகோணம்

நிகழ்ச்சியை விட, நடுவில் வரும் விளம்பரமும் அறிவிப்பும்தான் வருடத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தத் தீபாவளிக்கு வெளியான படத்தைப் பற்றி விளம்பரமோ நட்சத்திரப் பேட்டியில் பேச்சோ வந்தால் பாதி வேலை முடிந்தது. 'நாயகன்', 'மனிதன்' என்றால் 1987 அக்டோபர் 21. 'தளபதி', 'குணா' என்றால் 1991 நவம்பர் 5. 'தேவர் மகன்' என்றால் 1992 அக்டோபர் 25. 'முத்து', 'குருதிப்புனல்' என்றால் 1995 அக்டோபர் 23.

அறிவிப்பாளர் சொல்லும் கிழமையையும் குறித்துக்கொள்ளுங்கள். 1987 தீபாவளி புதன், 1991 செவ்வாய், 1992 ஞாயிறு, 1995 திங்கள். "நாளை திங்கட்கிழமை" என்ற ஒரு வரி போதும், பல வருடங்களைத் தள்ளிவிடலாம். மூலையில் சன் டி.வி. சின்னம் தெரிந்தால் அது 1993 ஏப்ரல் 14-க்குப் பிறகுதான். அந்தச் சேனல் தொடங்கியதே அன்றைக்குத்தான். கடை விளம்பர முகவரியில் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முந்தையது.

இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்புண்டு. ஒரே கேசட்டில் மேலே மேலே பதிவு செய்வது எல்லா வீட்டிலும் நடந்தது. அதனால் லேபிளை நம்பாமல் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பழைய பதிவின் வால் அங்கே மிஞ்சியிருக்கும். படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் உடனே பழையது என்று தீர்மானிக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் பதிவான, அந்நாட்டு ஒளிபரப்பு முறையான என்.டி.எஸ்.சி. (NTSC) கேசட்டை, நம்மூர் முறையான பி.ஏ.எல். (PAL) டெக்கில், அதாவது வி.சி.ஆரில், போட்டாலும் நிறம் போய்விடும், படம் உருளும்.

கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் டேப் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வெயிலில் வைத்தால் போகுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

வெயில் கூடவே கூடாது. சூட்டில் டேப் நெளியும். நெளிந்த டேப்பை நேராக்க வழியில்லை. அந்த வெள்ளை, பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால், டேப்பைப் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும்.

முதலில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வையுங்கள். ஈரம் போனதும் பூஞ்சை பொடியாகிவிடும். பிறகு முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, கேசட்டின் அடியில் உள்ள ஐந்து திருகாணிகளையும் கழற்றுங்கள். மூடியைத் தூக்கியதும் உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்துவிடுங்கள். சின்ன ஸ்பிரிங்கும் உருளைகளும் தெறித்து விழுந்தால் எது எங்கே இருந்தது என்று தெரியாது. நூல் பிரியாத மெல்லிய துணியால் சுருளின் விளிம்பைத் துடைத்து, இரண்டு சுருளையும் நல்ல நிலையில் உள்ள வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். பூஞ்சை பிடித்தவற்றை ஓட்ட ஒரு பழைய டெக்கைத் தனியாக ஒதுக்குவது நல்லது.

ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு ஹெட்டைத் துடைக்க வேண்டும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோலை (மெல்லிய மென்தோல்), ஹெட் பொருந்திய உருளையான டிரம்மின் மேல் லேசாக அணைத்துப் பிடித்து, டிரம்மைக் கையால் சுழற்றுங்கள். தோலை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் நூல் ஹெட்டில் மாட்டும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது என்ன அளவில் பதிவு செய்வது? விளம்பரங்களை வெட்டிவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தயவுசெய்து வெட்டாதீர்கள். படமும் பாட்டும் வேறு எங்காவது கிடைத்துவிடும். எதற்குப் பின் எது வந்தது, நடுவில் அறிவிப்பாளர் எப்படி வாழ்த்துச் சொன்னார், எத்தனை நிமிடம் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை நின்றது என்பதெல்லாம் உங்கள் கேசட்டில் மட்டும்தான் இருக்கக்கூடும்.

மாற்றுவதற்கு முன் கேசட்டின் முதுகு விளிம்பில் உள்ள பதிவுத் தடுப்புத் துண்டை உடைத்துவிடுங்கள். தவறுதலாக ரெக்கார்டு பொத்தான் அழுந்தினாலும் அழியாது. ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றினால் டேப்பின் இறுக்கம் சீராகும். பதிவு அளவு 720க்கு 576, நொடிக்கு 25 பிரேம், வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் காட்டும் இன்டர்லேஸ் முறை அப்படியே இருக்கட்டும். டிஜிட்டல் வீடியோ (DV) வடிவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. பிடிக்கும், மூன்று மணி நேர இ-180 கேசட்டுக்கு 40 ஜி.பி. இடம் ஒதுக்குங்கள்.

போகப் போக உதட்டசைவும் குரலும் விலகினால், டேப்பிலிருந்து வரும் சிக்னல் தள்ளாடி, கம்ப்யூட்டர் பிரேம்களை விடுகிறது என்று பொருள். நடுவில் சிக்னலைச் சீராக்கும் கருவியான டைம் பேஸ் கரெக்டர் வைத்தால் தீரும். அது கிடைக்காவிட்டால் பழைய டி.வி.டி. ரெக்கார்டர் வழியாகச் செலுத்திப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். படத்தின் அடியில் துடிக்கும் கோடு எல்லா வி.எச்.எஸ். டேப்பிலும் இருப்பது, கோளாறு இல்லை. 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுக்காதீர்கள், முகமெல்லாம் உப்பிவிடும்.

எண்பதுகளில் தீபாவளித் தமிழ் நிகழ்ச்சிகள் ராத்திரி சீக்கிரமே முடிந்துவிடும். ஏன்?
– வாசகி, மதுரை

1982 ஆகஸ்ட் 15 முதல் டெல்லியிலிருந்து தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பு வந்தது. மாலையில் சென்னை நிலையத்துக்கு உரிய நேரம் முடிந்ததும் இந்திச் செய்தியோடு டெல்லிக்குப் போய்விடும். தமிழ்ச் சிறப்பு நிகழ்ச்சிகள் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. நமக்குத் தீபாவளி நரக சதுர்த்தசி விடியலில். வடக்கே அமாவாசை மாலை லட்சுமி பூஜை. இரண்டும் ஒரே தேதியில் வராத வருடங்களில் டெல்லியின் தீபாவளி நிகழ்ச்சி இங்கே மறுநாள்தான் வரும். நாம் பட்சணம் தின்று ஓய்ந்த பிறகு அங்கே வாழ்த்துச் சொல்வார்கள்.

மொட்டை மாடியில் பழைய ஆன்டெனா இருக்கிறது. மாட்டினால் படம் வருமா?
– வாசகர், தூத்துக்குடி

வராது. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு, ஒருசில இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

குறிப்பிட்ட ஒரு தீபாவளியின் முழு நிகழ்ச்சி நிரல் எங்கே கிடைக்கும்?
– வாசகர், சேலம்

அன்றைய நாளிதழ்களில். சென்னை கன்னிமாரா பொது நூலகம் 1955 முதல் தேசிய வைப்பு நூலகங்களில் ஒன்று. பழைய இதழ்களுக்கு முதலில் அங்கே கேளுங்கள். தேதியைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு போய், பண்டிகை நாள் இதழோடு முந்தைய நாள் இதழையும் கேட்டு வாங்குங்கள். அச்சான நிரலும் ஒளிபரப்பானதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. கடைசி நேரத்தில் நிகழ்ச்சி மாறியிருக்கலாம், கிரிக்கெட் நீண்டு மற்றவை தள்ளிப் போயிருக்கலாம். அந்த வித்தியாசத்தைச் சரிபார்க்க உதவுவது, யாரோ ஒருவர் வெட்டாமல் வைத்திருக்கும் கேசட்தான்.