பெட்டி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: அடிதடி வழக்கில் என் தம்பிக்கு 3 ஆண்டு தண்டனை. சேலம் மத்திய சிறையில் இருக்கிறான். தீர்ப்புக்கு முன்பே 7 மாதம் ரிமாண்டில் இருந்து ஜாமீனில் வந்தவன். ஆனால் தீர்ப்பு நாளிலிருந்துதான் தண்டனை என்று ஜெயிலில் எழுதியிருக்கிறார்களாம். தேதியைத் திருத்த முடியுமா? அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு தம்பி மனைவி ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ரிமாண்டு காகிதங்கள் அவள் பெட்டியில்தான் இருக்கின்றன. அவளிடம் போய் நிற்க எங்களில் யாருக்கும் மனசில்லை.
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: சட்டம் இருக்கட்டும், முதலில் அந்தப் பெட்டி. கோபித்துக்கொண்டு கிளம்புகிறவள் நகையை எடுப்பாள், துணிமணியை எடுப்பாள். இவள் புருஷனுடைய ரிமாண்டு காகிதங்களையும் பத்திரமாக எடுத்துப் போயிருக்கிறாள். அவள் மனசு அதிலேயே தெரியவில்லையா? அந்த 7 மாதமும் மனு போட்டு அவனைப் பார்த்தது யார், ஜாமீனுக்கு அலைந்தது யார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நீங்கள் போயிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

மனசில்லையாம்! கூடப் பிறந்தவன் 7 மாதம் கூடுதலாக உள்ளே கிடந்தாலும் பரவாயில்லை, மருமகள் வாசலில் நிற்கக் கூடாது, அப்படித்தானே? பெண் எடுத்த வீட்டுக்கு அவளைத் தாங்கும் கடமை உண்டு. புருஷன் ஜெயிலில் இருக்கும்போது அது இன்னும் கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மலை ஏறுங்கள். காகிதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவள் எப்படி இருக்கிறாள், செலவுக்கு என்ன செய்கிறாள் என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. தண்டனை தொடங்கும் தேதி மாறாது. அதே வழக்கில் தீர்ப்புக்கு முன் உள்ளே இருந்த நாட்களை மொத்தத்தில் கழிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 428-வது பிரிவு. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 468. இது சலுகை இல்லை, உரிமை. உங்கள் தம்பிக்கு மீதி 2 ஆண்டு 5 மாதம்தான். ஜாமீனில் வெளியே இருந்த நாளும், வேறு வழக்கில் உள்ளே இருந்த நாளும் இதில் சேராது.

தீர்ப்பு நகலையும், கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பிய தண்டனை வாரண்டையும் பாருங்கள். ரிமாண்டு நாட்கள் அதில் இருந்தும் ஜெயிலில் கழிக்கவில்லை என்றால், ரிமாண்டு உத்தரவு, ஜாமீன் உத்தரவு நகல்களோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். வாரண்டிலேயே விட்டுப்போயிருந்தால் தண்டனை கொடுத்த கோர்ட்டில் மனு போட வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஜெயிலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

தீர்ப்பில் அபராதமும் இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள். கட்டாததற்காக அனுபவிக்கும் சிறைக்கு இந்தக் கழிவு கிடையாது. அந்தப் பணத்தை அவளிடம் கேட்காதீர்கள், உங்கள் கையிலிருந்து கட்டுங்கள்.