ஆணி டயர் எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும்?

ஆர்.சி. கிராலர் (ரிமோட்டில் ஓடும், பாறை ஏறும் சின்ன வண்டி) – வாசகர் கேள்வி பதில்

கனடாவில் வேலை பார்க்கும் என் தம்பி, குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் கிராலர் ஓட்டுகிறான். அவனுடைய 1.9 அங்குல (உள்ளே இருக்கும் சக்கரத்தின் விட்டம்) டயர் நான்கும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஆணி பொருத்தி அனுப்பச் சொல்கிறான். இங்கேயே செய்ய முடியுமா?
– வாசகர், ஓசூர்

தாராளமாகச் செய்யலாம். முதலில் சக்கரத்தைப் பாருங்கள். வளையத்தைச் சுற்றிச் சின்னத் திருகுகள் இருந்தால் அது பீட்லாக், கழற்றி மாட்டலாம். டயரைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், ஓரம் கிழிந்துவிடும். அப்போது பீட்லாக் சக்கரமும் வேறு டயரும் வாங்குவதே மேல்.

ஆணி என்று சொன்னாலும் நமக்கு வேண்டியது 2 மி.மீ. தடிமனுள்ள, முனை கூரான, தட்டைத் தலை ஸ்க்ரூ. ரேடியோ, மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். நீளத்தைக் குத்துமதிப்பாக வாங்கக் கூடாது. டயரின் அடி ரப்பர் தடிமன், அதன்மேல் நிற்கும் ரப்பர்க் கட்டையின் உயரம், இரண்டையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து கூட்டி, வெளியே நீட்ட 2 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான 1.9 டயருக்கு 8 அல்லது 10 மி.மீ. சரியாக வரும். டயருக்கு 24 வீதம் 96 ஸ்க்ரூ தேவை. சில வீணாகும், 120 வாங்குங்கள். தலைக்கு அடியில் போட அதே எண்ணிக்கையில் 2 மி.மீ. வாஷர். மற்றபடி பழைய சைக்கிள் டியூப், பஞ்சர் சொல்யூஷன், உப்புத்தாள், 1 மி.மீ. டிரில் பிட் போதும்.

டயரைக் கழற்றி, உள்ளே காற்றுக்குப் பதிலாக இருக்கும் ஃபோமை வெளியே எடுத்துவிடுங்கள். வலது ஓரத்தில் 8, நடுவில் 8, இடது ஓரத்தில் 8 என்று கட்டைகளில் சாக்பீஸால் குறியிடுங்கள். மூன்றும் ஒரே கோட்டில் வரக் கூடாது. ஒன்று விட்டு ஒன்று தள்ளி வரட்டும். கட்டையின் நடுமையத்தில் வெளியிலிருந்து உள்ளே துளை போடுங்கள். ஓரமாகப் போட்டால் முதல் இறுக்கமான திருப்பத்திலேயே ரப்பர் பிய்ந்துவிடும். ரப்பரில் போட்ட துளை உடனே சுருங்கிக்கொள்ளும், அதனால் 1 மி.மீ. போதும், 2 மி.மீ. போட்டால் ஸ்க்ரூ ஆடும்.

இப்போது டயரை உள்வெளியாகப் புரட்டி, வாஷர் போட்ட ஸ்க்ரூவை உள்பக்கத்திலிருந்து முறுக்குங்கள். வாஷர் ரப்பரில் படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் முறுக்கினால் வாஷர் ரப்பருக்குள் புதைந்து அறுக்கும்.

பலர் கோட்டை விடுவது அடுத்த வேலையில்தான். ஸ்க்ரூத் தலைகளை அப்படியே விட்டால் ஃபோமைச் சுரண்டித் தூளாக்கிவிடும். ஆணியும் உள்ளே பின்வாங்கும். உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இரண்டரை செ.மீ. அகலத்தில் வெட்டிய டியூப் பட்டையைச் சுற்றிலும் ஒட்டுங்கள். பஞ்சர் ஒட்டும் அதே முறைதான்: இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். சூட்டுப் பசை வேண்டாம், குளிரில் விறைத்து உரிந்துவிடும். ஃபெவிக்விக் மாதிரிப் பசையும் வேண்டாம். டயர் நசுங்கி விரியும்போது அது நொறுங்கும். ஓர் இரவு காயவிட்டு ஃபோமைப் போட்டு, பீட்லாக் திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

எடை கொஞ்சம்தான் கூடும். அனுப்புமுன் வீட்டு டைல்ஸில் உருட்டிப் பார்க்காதீர்கள், கீறல் போகாது. விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் ஆணி டயர்கள் செக்-இன் பெட்டியில் போகட்டும். உதிரி லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

டயருக்கு 60 ஆணி அடித்தேன். மீன் கடையிலிருந்து ஐஸ் பார் வாங்கிச் சாய்த்து வைத்து ஏற்றிப் பார்த்தால் வழுக்குகிறது. ஆணி இன்னும் கூட வேண்டுமா?
– வாசகர், பாலக்கோடு

குறைக்க வேண்டும். வண்டி 2.8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின்மேல் 700 கிராம். 110 மி.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 345 மி.மீ. அதில் தரையைத் தொடுவது 45 மி.மீ. அளவுதான். 24 ஆணி இருந்தால் ஒரு நேரத்தில் மூன்று ஆணி தொடும். ஒவ்வொன்றின்மேலும் 230 கிராம் இறங்கும். 60 இருந்தால் எட்டு ஆணி தொட்டு, ஆளுக்கு 90 கிராம்கூட வராது. அந்த அழுத்தத்தில் முனை பனியைக் குத்தாமல் மேலாக வழுக்கும். கிராலர் கனமில்லாத வண்டி. அதற்கு எண்ணிக்கையைவிடக் கூர்மைதான் முக்கியம். பாதிக்குமேல் கழற்றிவிட்டு, மீதியுள்ள முனைகளைச் சின்ன அரத்தால் தீட்டுங்கள்.

ஐஸ் பாரில் சோதிப்பது நல்ல யோசனை. மேலே நீர் கசிந்து மினுமினுக்கும்போது சோதியுங்கள். உருகும் நிலையில் உள்ள பனிதான் அதிகம் வழுக்கும்.

கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறைகளில் ஓட்டுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்குகிறது. ஆணி டயர் உதவுமா?
– வாசகர், பர்கூர்

உதவாது, வழுக்கல்தான் கூடும். நம் பக்கத்துக் கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண ஸ்க்ரூ எஃகைவிடக் கடினமானது. ஆணி அதில் இறங்காது; டயரை மட்டும் பாறையிலிருந்து தூக்கிப் பிடிக்கும். ரப்பர் பாறையின் சொரசொரப்பில் அழுந்திப் பிடிப்பதால்தான் கிராலர் ஏறுகிறது. அந்தத் தொடர்பையே ஆணி அறுத்துவிடுகிறது. முனையும் சீக்கிரம் மழுங்கிப்போகும்.

உங்களுக்கு வேண்டியது மென்மையான ரப்பர் டயர். உள்ளே கெட்டியாகவும் வெளியே மெதுவாகவும் இருக்கும் இரண்டடுக்கு ஃபோம் போடுங்கள். புது டயரில் அச்சு எண்ணெய் ஒட்டியிருக்கும், பாத்திரம் தேய்க்கும் சோப்பால் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். கார் வீல் பேலன்சிங் கடையில் கிடைக்கும் ஒட்டு எடைகளை முன்சக்கரங்களின் உள்பக்கத்தில் 50 முதல் 80 கிராம்வரை ஒட்டினால் செங்குத்தில் வண்டி பின்னால் மல்லாராது. பச்சைப் பாசி படிந்த பாறையை எந்த டயரும் பிடிக்காது. அதைச் சுற்றிப் போங்கள்.

ஒரு வேண்டுகோள். மல்லப்பாடி பாறை ஓவியம், மல்லச்சந்திரம் கல்திட்டை (பழங்கால ஈமச்சின்னம்) இருக்கும் இடங்களுக்கு ஆணி டயர் மட்டுமல்ல, எந்த டயரோடும் போகாதீர்கள். அங்கே விழும் ஒரு கீறலைக்கூட யாராலும் சரிசெய்ய முடியாது.

ஓடையில் இறக்கிய பிறகு டயர் கனத்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், பென்னாகரம்

சக்கரத்தில் உள்ள காற்றுத் துளை வழியாக நீர் புகுந்து ஃபோமை நனைக்கிறது. அந்தத் துளையை டேப்பால் அடைத்துவிட்டு, டயரின் நடுவில், கட்டைகளுக்கு இடையே எதிரெதிராக இரண்டு 3 மி.மீ. துளை போடுங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது நீர் தானாக வெளியேறும்.

கடும் குளிரில் பேட்டரி பாதி நேரத்தில் தீர்ந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், தருமபுரி

உண்மைதான். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடி மின்னழுத்தம் சீக்கிரம் இறங்கும். ஓட்டும்வரை சட்டைக்குள் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். உறைந்து குளிர்ந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக் கூடாது, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே போட வேண்டும். நம் ஊர் மார்கழிக் காலைக்கு இந்தக் கவலை தேவையில்லை.