பனி படிந்த சிலிண்டர்: வாசகர் கேள்வி பதில்

குளிர்காலம் வந்துவிட்டால் கடிதக் கட்டும் பருத்துவிடும். கடற்கரைப் பக்கத்து வாசகர்கள் கேஸ் வாசனை வருகிறது என்று எழுதுவார்கள். மலைப்பக்கத்தார் கேஸே வரவில்லை என்று எழுதுவார்கள். 26 ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் உட்பகுதிப் பண்ணை வீடுகளுக்கும் கோயில் மடைப்பள்ளிகளுக்கும் கேஸ் குழாய் பொருத்திவருகிறேன். இந்த முறை ஒரு கடிதத்துக்கு மட்டும் இதழ் அச்சாகும்வரை காத்திருக்க மனமில்லாமல், தனியாக உடனே பதில் அனுப்பிவிட்டேன். அது இரண்டாவது கேள்வி.

கேள்வி: மூயி ரிவருக்கு வெளியே பண்ணை வீட்டில் இருக்கிறோம். ஒரே 9 கிலோ சிலிண்டரில் அடுப்பும் ஹீட்டரும் ஓடுகின்றன. விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் சுடர் விரல்நுனி அளவுக்குக் குறுகி, பால் பொங்குவதற்குள் அணைந்துவிடுகிறது. தூக்கிப் பார்த்தால் சிலிண்டர் கனமாகத்தான் இருக்கிறது. அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. கடைக்காரர் தண்ணீரைக் கலந்துவிட்டார் என்கிறார் என் கணவர். (வாசகி, மூயி ரிவர்)

பதில்: கடைக்காரர் மேல் குற்றம் இல்லை, அம்மா. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது உள்ளேயே கொதித்து ஆவியாகி வந்தால்தான் அடுப்பு எரியும். கொதிக்கச் சூடு வேண்டும் அல்லவா? அந்தச் சூட்டைச் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் அது இழுத்துக்கொள்கிறது. அடுப்பும் ஹீட்டரும் சேர்ந்து வேகமாக உறிஞ்சும்போது சுவர் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. கவனித்துப் பாருங்கள்: பனி எந்த உயரம்வரை ஏறியிருக்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரம்வரை உள்ளே திரவம் நிற்கிறது.

நம் நாட்டு எல்பிஜி, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட 0 டிகிரியாவது வேண்டும். எனவே புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேற, சிலிண்டர் தீரத் தீர அடியில் பியூட்டேனின் பங்கு கூடுகிறது. உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்குக் குளிர்காலமான ஜூலை மாத விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் அடியில் தங்கிய பியூட்டேன் அசையாது. இதே சிலிண்டரைக் கடற்கரை வெப்பமுள்ள டர்பனுக்குக் கொண்டுபோனால் மிச்சம் முழுவதும் எரிந்து தீரும். சந்தேகம் இருந்தால் எடை போடுங்கள். கைப்பிடி வளையத்தில் வெற்று எடை குத்தியிருப்பார்கள். அதைக் கழித்தால் மீதி கேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இப்போதைக்கு, அடுப்பு எரியும்போது ஹீட்டரை நிறுத்திவையுங்கள். நிலையான தீர்வு பெரிய சிலிண்டர்தான். இரண்டு 19 கிலோ அல்லது இரண்டு 48 கிலோ சிலிண்டர்களை வீட்டுக்கு வெளியே வைத்து, இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் விழும் சுமை பாதியாகும். 48 கிலோவை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 1 மீட்டரும் சாக்கடைத் திறப்பிலிருந்து 2 மீட்டரும் தள்ளியிருக்கட்டும். வீட்டின் வடக்குச் சுவரோரம் இடம் இருந்தால் நல்லது. குளிர்காலத்தில் நமக்கு வெயில் அந்தப் பக்கம்தான் விழும்.

ஒன்றை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள். ஒரு வீட்டில் உறைந்த சிலிண்டரைப் பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டருக்கு முன்னால் நகர்த்திவைத்து, மேலே கம்பளியையும் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். தொட்டபோது ஒரு பக்கம் கை பொறுக்காத சூடு. திரவம் விரிவதற்கென்றே சிலிண்டரில் சுமார் 20 சதவீத இடத்தை விட்டுத்தான் நிரப்புகிறார்கள். நெருப்புப் பக்கம் வைத்தால் அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும். வெளியே பீறிடும் கேஸுக்கு எதிரிலேயே நெருப்பு இருக்கும். கம்பளியாலும் பயன் இல்லை. வெளிக்காற்றின் சூடு உள்ளே போகாமல் அது தடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் ஆயாவுக்கு 81 வயது. இரவில் அவர் அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டு, குளிர் புகாமல் கதவிடுக்கில் துணியைச் செருகிவிடுகிறோம். ஒரு வாரமாகக் காலையில் தலைவலி, குமட்டல் என்கிறார். முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெளிந்துவிடுகிறார். கேஸ் வாசனை கொஞ்சமும் இல்லை. சுடர்தான் சற்று மஞ்சளாக எரிகிறது. ஹீட்டரைப் பழுதுபார்க்க வேண்டுமா? (வாசகர், ஹோவிக்)

பதில்: தம்பி, படித்த கையோடு போய் ஹீட்டரை அணைத்து, துணியை உருவி, ஜன்னலைத் திற. ஆயாவை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போ. மூடிய அறையில் கேஸ் ஹீட்டர் எரிகிறது என்பதை அவரிடம் முதல் வார்த்தையாகச் சொல். அதைச் சொல்லாவிட்டால் வயோதிகத் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

காற்று போதாமல் எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நமக்குப் பழக்கமான அந்த நாற்றம், கசிவு தெரியட்டும் என்று கேஸில் கலக்கும் மெர்காப்டான் என்ற பொருளுடையது. எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். ஆகவே வாசனை இல்லை என்பதைக் கொண்டு நிம்மதி அடையக் கூடாது. அறைக்குள் தலைவலி, வெளியே வந்தால் தெளிவு, மஞ்சள் சுடர் என்று மூன்று அடையாளங்களையும் நீயே எழுதியிருக்கிறாய்.

ஹீட்டரைப் பழுதுபார்த்தாலும் தூங்கும் அறையில் அது வேண்டாம். ஆயா படுக்கப் போகுமுன் அறையைச் சூடாக்கிவிட்டு, ஹீட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். போர்வைக்குள் வெந்நீர்ப் பை வையுங்கள், காலுறை போட்டுவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி அந்த வீட்டில் மாட்டு. இந்தச் செலவுக்கு யோசிக்காதே.

கேள்வி: புதுச் சிலிண்டர் மாட்டியதிலிருந்து லேசான கேஸ் வாசனை. தீக்குச்சியைக் காட்டிப் பார்த்தால் கசியும் இடம் தெரிந்துவிடும் என்கிறார் மைத்துனர். (வாசகி, டோங்காட்)

பதில்: தீக்குச்சியைக் கையில் எடுக்கவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், அக்கா. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அலமாரிக்கு அடியிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கும். முகத்துக்கு நேரே வாசனை குறைவாக இருக்கும்போதே கணுக்கால் உயரத்தில் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்ந்திருக்கலாம். முதலில் வால்வை மூடுங்கள். விளக்கு சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்துவைத்து வாசனை முழுவதும் போகும்வரை வெளியில் இருங்கள்.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, அடுப்புக் குமிழ்களை மூடிவைத்து, வால்வை மட்டும் திறந்து, இணைப்புகளில் தூரிகையால் பூசுங்கள். குமிழி பொங்கும் இடம்தான் கசிவு.

சிலிண்டர் மாற்றிய பிறகு தொடங்கிய வாசனை என்றால் நான் முதலில் பார்ப்பது ரெகுலேட்டரின் பித்தளை மூக்கிலுள்ள கறுப்பு ரப்பர் வளையத்தை. ஓர் ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் நாளில், ஒரு கோயில் மடைப்பள்ளிக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். உலையில் நொய் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே ஜனங்கள் செம்போடு வரிசையில் நின்றார்கள். சிலிண்டர் பக்கம் மெல்லிய சீறல். அடுப்பை நிறுத்தச் சொல்லி ரெகுலேட்டரைக் கழற்றினேன். அந்த வளையம் ஒரு பக்கம் தட்டையாகி, அரிசி மணி நீளத்துக்கு வெடித்திருந்தது. நகத்தால் நெம்பியதும் இரண்டாக உடைந்து வந்தது. புது வளையம் போட்டுச் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழி இல்லை. மலிவான பொருள் அது. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். ரெகுலேட்டரின் மரை இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும் என்பதும் நினைவிருக்கட்டும். வழக்கமான திசையில் முறுக்கிவிட்டு, இறுகிவிட்டது என்று நம்பியவர்கள் பலர்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் உறவினர் வீட்டில் குழாய் கேஸில் எரிந்த அடுப்பை வாங்கிவந்தேன். இங்கே சிலிண்டரில் மாட்டினால் சுடர் சட்டியைத் தாண்டி எழும்பிக் கரி அப்புகிறது. (வாசகர், அம்ஜிண்டோ)

பதில்: அங்கே குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதற்கான ஜெட், அதாவது கேஸ் பீறிவரும் முனையின் துளை, பெரியது. எல்பிஜிக்குச் சிறிய துளை வேண்டும். பதிவுபெற்ற பொருத்துநரிடம் கொடுத்து ஜெட்டை மாற்றி, 2.8 கிலோபாஸ்கல் அழுத்த ரெகுலேட்டரில் சோதித்து வாங்குங்கள், அதுவரை பற்றவைக்காதீர்கள். மாற்று ஜெட் கிடைக்காத மாடலாக இருந்தால் அந்த அடுப்பை விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டை விற்கிறோம். கேஸ் சான்றிதழ் கட்டாயமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: நிலையாகப் பொருத்திய கேஸ் அமைப்பு இருந்தால் கட்டாயம். 2009ஆம் ஆண்டின் அழுத்தக் கருவி விதிமுறைகளின்படி, வீடு கைமாறும்போது புதுச் சான்றிதழ் வேண்டும். பழையதைக் காட்டினால் போதாது.

கேள்வி: குளியலறைக்கு வெளியே மாட்டிய கேஸ் கீசர் டிக் டிக் என்கிறது, பற்றுவதில்லை. தண்ணீர் 3 மீட்டர் மேடையில் நிற்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர் டேங்கிலிருந்து வருகிறது. அடுப்பு நன்றாக எரிகிறது. (வாசகி, ரிச்மண்ட்)

பதில்: டிக் டிக் கேட்பதால் தண்ணீர் ஓடுவதைக் கீசர் உணர்ந்துவிட்டது, ஆனால் பொறி வலுவாக இல்லை என்று நினைக்கிறேன். முதலில் அடியிலுள்ள இரண்டு பெரிய பேட்டரிகளையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பயன் இல்லை. அதன் பிறகும் பற்றவில்லை என்றால் பொருத்துநரை அழைத்து, கீசர் எரியும்போதே கேஸ் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கீசர் அடுப்பைவிடப் பல மடங்கு கேஸ் இழுக்கும். அடுப்புக்குப் போதுமான சிறு ரெகுலேட்டர் அதற்குப் போதாமல் போகலாம்.

சில நாள் பற்றி, சில நாள் டிக் சத்தமே வராமல் போனால் அது தண்ணீரின் கோளாறு. டேங்க் ஒவ்வொரு மீட்டர் உயர்வதற்கும் சுமார் 10 கிலோபாஸ்கல் அழுத்தம்தான் கிடைக்கும். உங்களுக்கு 30 அளவில் வரும். டேங்கில் நீர் இறங்கியிருக்கும் நாளில் இன்னும் குறையும். கீசரின் பக்கவாட்டுத் தகட்டில் குறைந்தபட்ச நீரழுத்தம் அச்சிட்டிருக்கும். அந்த எண் உங்கள் டேங்க் தருவதைவிடப் பெரிதாக இருந்தால் சிறிய பம்ப் வைக்க வேண்டும், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த கீசராக மாற்ற வேண்டும். பம்ப் வாங்கக் கடைக்குப் போகுமுன் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் நான் திறந்த சல்லடைகளில் பாதிக்குமேல் செம்மண் அடைத்துத்தான் கிடந்தன.