மேற்கோள் பட்டியல்: ஆய்வு மாணவர்களின் மூன்று கேள்விகள்

கேள்வி: சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் கூலி முறை மாறிவந்த விதம் பற்றி ஆங்கில ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினேன். மேற்கோள்கள் தங்கள் முறைப்படி இல்லை என்ற ஒற்றை வரியுடன், மதிப்பீட்டுக்கே போகாமல் அது திரும்பிவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏ.பி.ஏ. மேற்கோள் முறையைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். பழைய மாவட்ட நூல்கள், அரசாணைகள், ஏற்காட்டில் தொழிலாளர்களிடம் நானே எடுத்த நேர்காணல்கள் ஆகியவை என் சான்றுகள். பட்டியலை இணைத்துள்ளேன், எங்கே தவறியிருக்கிறேன்?
– ஆய்வு மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பட்டியலைப் பொறுமையாகப் படித்தேன். உங்கள் உழைப்பு அதில் நன்றாகவே தெரிகிறது. ஆனால் இரண்டு முறைகள் அதில் கலந்துவிட்டன. கட்டுரைக்குள் மேற்கோள்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்திருக்கிறீர்கள், இறுதிப் பட்டியலையோ ஆசிரியர் பெயரின் அகர வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள். எண் கொடுப்பது வான்கூவர் முறை. மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வகுத்த நெறிகளிலிருந்து வந்த அந்த முறையில், பட்டியலும் எண் வரிசையிலேயே அமையும். ஏ.பி.ஏ. முறையில் கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும்; அந்தப் பெயரைக் கொண்டுதான் வாசகர் பட்டியலில் தேடுவார். இப்போதுள்ள நிலையில், உங்கள் கட்டுரையில் 7 என்ற எண்ணைக் காண்பவர் பட்டியலில் எந்த நூலுக்கும் போய்ச் சேர முடியாது.

இன்னொன்று, நீங்கள் பின்பற்றியிருப்பது ஏ.பி.ஏ. கையேட்டின் 2009இல் வந்த ஆறாம் பதிப்பு. 2019இல் ஏழாம் பதிப்பு வந்துவிட்டது. அதில் பதிப்பகத்தின் ஊரைக் குறிப்பிட வேண்டியதில்லை, மூவரோ அதற்கு மேற்பட்டவரோ எழுதிய கட்டுரையைச் சுட்டும்போது முதல் இடத்திலேயே முதலாசிரியர் பெயரோடு 'மற்றும் பிறர்' என்பதற்குரிய சுருக்கத்தைப் போட்டுவிடலாம், பட்டியலில் மட்டும் இருபது ஆசிரியர்கள் வரை எல்லாப் பெயர்களையும் எழுத வேண்டும், கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணை முழு இணைய முகவரியாகத் தர வேண்டும். இவற்றை ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிடலாம். உண்மையில் கவலைப்பட வேண்டியவை வேறு.

லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டுக்கு அண்மைக்கால ஆண்டு ஒன்றைக் குறித்திருக்கிறீர்கள். இணையத்தில் வருடி ஏற்றிய படியைப் படித்துவிட்டு, அது ஏற்றப்பட்ட ஆண்டை எழுதியிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். நூல் வெளிவந்தது 1883இல். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் இருந்தன. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும்தான் பிரிந்தன. அந்த நூலிலிருந்து மாவட்டத்தின் மொத்தச் சாகுபடிப் பரப்பை எடுத்து நீங்கள் எழுதும்போது, ஆண்டு தவறாக இருந்தால், வாசகர் இன்றைய சேலத்தின் பரப்பென்றே அதை எடுத்துக்கொள்வார். ஆகவே மூல ஆண்டை எழுதுங்கள். அந்நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது என்பதால், தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இன்றியமையாதவை. மேற்கோளைத் தேடி வருபவரை நானூறு பக்கம் புரட்ட வைப்பது, மேற்கோளே தராததற்குச் சமம்.

அரசாணைகளில், துறையின் பெயர், ஆணை எண், நாள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள ஓர் ஆணையை நீங்கள் நேரில் பார்க்கவில்லை என்றும், வேறொருவரின் ஆய்வேட்டில் கண்டதாகவும் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பட்டியலில் இடம்பெற வேண்டியது அந்த ஆய்வேடுதான். கட்டுரைக்குள் ஆணையைக் குறிப்பிட்டு, இன்னாரின் ஆய்வேட்டில் எடுத்தாளப்பட்டது என்று எழுத வேண்டும். முடிந்தால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறை சென்று மூல ஆணையையே பார்த்துவிடுங்கள். ஆய்வேட்டில் ஓர் எண் பிழையாக அச்சாகியிருந்தால், அந்தப் பிழை உங்கள் பெயரிலும் தொடரும்.

நேர்காணல்களில்தான் மாணவர்கள் அதிகம் இடறுகிறார்கள். ஒருவர் கடிதத்திலோ தொலைபேசியிலோ உங்களுக்குச் சொன்ன தகவலைத் தனிப்பட்ட தொடர்பு என்று கட்டுரைக்குள் மட்டும் குறிக்கலாம்; வாசகர் தேடிப் பார்க்க வழியில்லாததால் அது பட்டியலில் இடம்பெறாது. உங்கள் தொழிலாளர்களின் பேச்சு இந்த வகையையும் சேர்ந்ததன்று. உங்கள் ஆய்வுக்காகவே நீங்கள் நேர்கண்டவர்களின் சொற்கள் உங்கள் ஆய்வுத் தரவு, ஏ.பி.ஏ. முறையில் அவற்றுக்கு மேற்கோள் குறிப்பே வேண்டாம். எப்போது, எங்கே, எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் விளக்கிவிட்டு, 'தொழிலாளர் 4' என்பது போன்ற அடையாளத்தோடு அவர்கள் சொன்னதைத் தாருங்கள். நீங்களோ அவர்களின் முழுப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். கூலியைப் பற்றி மனம்விட்டுப் பேசிய ஒருவர் நாளை அதே தோட்டத்தில் வேலைக்குப் போக வேண்டியவர். கட்டுரையை மீண்டும் அனுப்பும் முன் அப்பெயர்களை அவசியம் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பெயர்களை ஆங்கிலப் பட்டியலில் எப்படி எழுதுவது? நம் தலைப்பெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. குடும்பப் பெயரோ நமக்குக் கிடையாது.
– உதவிப் பேராசிரியர், ஆத்தூர்

பதில்: க. முருகன் என்று அச்சாகியிருந்தால், 'முருகன், க.' என்று எழுதினால் போதும். அதே மனிதர் வேறொரு கட்டுரையில் தந்தையின் பெயரை விரித்து முருகன் கந்தசாமி என்று எழுதியிருந்தால், அங்கே 'கந்தசாமி, மு.' என்றாகிவிடும், ஒருவரே இருவராகப் பிரிந்துபோவார். கட்டுரையில் அச்சான வடிவத்தையே மற்றவர்கள் பின்பற்ற வேண்டியிருப்பதால், அதை நாம் திருத்த முடியாது. ஆனால் நம் சொந்தப் பெயரை எந்த வடிவில் வெளியிடுவது என்பது நம் கையில் இருக்கிறது. முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தைத் தேர்ந்து, கடைசி வரை அதை மாற்றாதீர்கள். ஆர்க்கிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெற்றுக்கொண்டால், பெயர் வடிவம் மாறிய பழைய கட்டுரைகளையும் ஒரே ஆளின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மேற்கோள்களைச் சேமித்து அடுக்கித் தரும் ஸோட்டெரோ போன்ற மென்பொருள் இருக்கும்போது இவற்றையெல்லாம் கையால் பார்க்க வேண்டுமா?
– முதுகலை மாணவர், ஓமலூர்

பதில்: மென்பொருளைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். இலவசமாகவே கிடைக்கும் ஸோட்டெரோ, ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குப் பட்டியல் முழுவதையும் நொடியில் மாற்றித் தரும். ஆனால் அதற்குள் சென்ற தகவல் பிழையாக இருந்தால், பிழையைத்தான் அழகாக அடுக்கித் தரும். லெ ஃபானு என்னும் இரட்டைச் சொல் குடும்பப் பெயரில் 'லெ' என்பது முதற்பெயர்க் கட்டத்துக்குப் போய்விட்டால், நூல் பட்டியலில் வேறோர் எழுத்தின்கீழ் மறைந்துவிடும். ஆங்கிலத் தலைப்பிலுள்ள சேலம், ஏற்காடு போன்ற பெயர்களின் முதலெழுத்து சிறிய எழுத்தாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு பதிவையும் இணையப் பக்கத்தோடு ஒப்பிடாமல், நூலின் தலைப்புப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். இதழுக்கு அனுப்பும் படியில் மேற்கோள்களை வெறும் எழுத்தாக மாற்றும் முன், மென்பொருளோடு இணைந்த படி ஒன்றைத் தனியே சேமித்து வையுங்கள். அந்த இதழ் மறுத்து, வேறு முறை கேட்கும் இதழுக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தப் படிதான் தேவைப்படும்.